நஷ்டஈடு மட்டும் போதுமா?

பால் வெட்டும் தொழிலாளிக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள இருப்பவை இரண்டு கைகளே. நிலம் கம்பெனிக்குச் சொந்தம். மரம் கம்பெனிக்குச் சொந்தம். குடியிருக்கும் வீடுகூட வேலை இருக்கும் வரையில்தான் நமது. விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய், பட்டையில் காயம் படாமல் கத்தியை இழுத்து, மங்கை நேராக்கி, பாலைச் சேர்த்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவருவது அந்தக் கைகள்தாம். மரத்தில் ஆழமாக வெட்டுப் பட்டுவிட்டால் மண்டோர் பார்க்கிறார், துரையிடம் சொல்கிறார், உடனே மருந்து தடவுகிறார்கள். அதே கத்தி தொழிலாளியின் கையில் ஆழமாகப் பட்டால் நாம் என்ன செய்கிறோம்?

செர்டாங் வட்டாரத் தோட்டங்களில் வழக்கமாக நடப்பதை எல்லோரும் அறிவோம். கட்டுப் போடுகிறோம். ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். தையல் போட்டு, எம்.சி. வாங்கி, சொக்சோவுக்கு விண்ணப்பம் எழுதுகிறோம். பணம் வந்ததா, வரவில்லையா என்று சங்கத்தில் கேட்கிறோம். பணம் வந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் விரல் மடங்கவில்லையே! கத்தியின் பிடியைப் பற்ற முடியவில்லையே! சட்டைப் பொத்தானைப் போட மனைவியை அழைக்க வேண்டியிருக்கிறதே! அதற்கு யார் பொறுப்பு?

நஷ்டஈடு என்பது இழந்ததற்குக் கொடுக்கப்படுவது. எஞ்சியிருக்கும் கையை மீண்டும் வேலைக்குப் பழக்குவது வேறொரு காரியம். அதற்கென்று ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. அதற்கென்று படித்துத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். முதலாவதைக் கேட்டு வாங்கப் பழகிய நாம், இரண்டாவதையும் உரிமையாகக் கேட்கப் பழக வேண்டும். அந்தப் படிப்புக்கு நமது பிள்ளைகளையும் அனுப்ப வேண்டும். இவ்விரண்டையும் வற்புறுத்தவே இதை எழுதுகிறோம்.

எது இந்தச் சிகிச்சை?

ஆங்கிலத்தில் ஆக்குபேஷனல் தெராப்பி என்பார்கள். நமது நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பெயர்ப் பலகையில் ‘பெமுலிஹான் சாரா கெர்ஜா’ என்று எழுதியிருக்கும். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்று சொல்லலாம். பெயரைக் கண்டு இது வேலை தேடிக் கொடுக்கும் இலாகா என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியன்று. இங்கே தொழில் என்பது சம்பள வேலை மட்டுமல்ல. மனிதன் அன்றாடம் செய்யும் எல்லாக் காரியமும் தொழிலே. குளிப்பது, உண்பது, உடுப்பது, சமைப்பது, பிள்ளையைத் தூக்குவது, எழுதுவது, பால் வெட்டுவது ஆகிய யாவும் இதில் அடங்கும்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சையும் உண்டு. அதைப் பிஸியோதெராப்பி என்கிறோம். இரண்டும் அக்காள் தங்கை போன்றவை. மூட்டு அசைய வேண்டும், தசை வலுப்பெற வேண்டும் என்பதில் பிஸியோதெராப்பி அதிகக் கவனம் செலுத்துகிறது. அசையும் அந்தக் கையைக் கொண்டு சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடிகிறதா, கத்தியைப் பிடித்து இழுக்க முடிகிறதா என்று பார்ப்பது தொழில்வழிச் சிகிச்சை. முடியவில்லை என்றால் கைக்குப் பயிற்சி கொடுப்பார்கள். அதுவும் போதாதென்றால் கருவியையே கைக்கு ஏற்றபடி மாற்றுவார்கள். கரண்டியின் பிடியைத் தடிப்பாக்குவது, விரலைச் சரியான நிலையில் வைக்கும் தாங்கியைச் செய்வது, ஒரு கையால் சட்டை போடும் வழியைச் சொல்லிக் கொடுப்பது, வீட்டின் குளியலறையில் பிடிகம்பி பொருத்தச் சொல்வது ஆகிய எல்லாம் இவர்களுடைய வேலை.

இது தொழிலாளிக்கு மட்டும் உரியதும் அன்று. பக்கவாதம் கண்ட பெரியவருக்கும், சர்க்கரை நோயால் காலை எடுத்துவிட்ட தாய்மாருக்கும், மனநோயிலிருந்து தேறி வருபவருக்கும், எழுதவோ நடக்கவோ சிரமப்படும் குழந்தைக்கும் இது வேண்டியதே. நாள் முழுவதும் கணக்கெழுதியும் கணினியைத் தட்டியும் மணிக்கட்டு மரத்துப்போகிற கிராணிமாருக்கும் இதில் பலன் உண்டு.

காலம் தவறினால் கை தவறும்

உள்ளங்கையிலோ விரலிலோ கத்தி ஆழமாகப் பாய்ந்தால், விரலை மடக்கும் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அறுந்துபோகும். டாக்டர் அதை எடுத்துத் தைத்துவிடுவார். தைத்ததோடு பாதி வேலைதான் முடிகிறது. கையை அசைக்காமல் வாரக்கணக்கில் வைத்திருந்தால், ஆறுகிற நாண் சுற்றிலும் உள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் விரல் மடங்காது. அவசரப்பட்டுப் பலமாக மடக்கினாலோ தையல் அறுந்துபோகும். இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவே வழி காட்டுகிறவர்தான் சிகிச்சையாளர். அறுவைக்குப் பிறகு சில நாட்களுக்குள்ளாகவே கையில் தாங்கியைப் போட்டு, எந்த விரலை எவ்வளவு அசைக்கலாம், எத்தனை தடவை அசைக்கலாம் என்று அளந்து சொல்லிக் கொடுப்பார். கத்தியை இறுகப் பிடிக்கும் அளவுக்கு நாண் பலப்பட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்.

ஆகவே, கட்டுப் பிரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது பெருந்தவறு. தோழர்கள் தாமாகவே எண்ணெய் தேய்த்து இழுத்துப் பார்ப்பதும் தவறு. தையல் போட்ட வாரத்திலேயே, ‘எனக்குத் தொழில்வழிச் சிகிச்சைக்குச் சீட்டு உண்டா?’ என்று டாக்டரைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம்.

வேலூர் கற்பித்த பாடம்

நமது பாட்டன் பூட்டன்மாரில் பலர் கப்பலேறிய வடஆற்காட்டுச் சீமையிலே, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஒரு வரலாற்றை இங்கே சொல்வது பொருந்தும்.

பால் பிராண்டு என்ற டாக்டர் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர்; வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவரின் மகன். டாக்டருக்குப் படிக்குமுன் இங்கிலாந்தில் தச்சு வேலையும் கட்டட வேலையும் பழகியவர். 1946இல் வேலூருக்கு வந்த அவர், தொழுநோயால் விரல்கள் மடங்கிக் கொக்கி போலான கைகளை அறுவை செய்து நிமிர்த்தினார். அதுவரை உலகத்தில் எவரும் பெரிதாகக் கவனிக்காத வேலை அது. கைகள் நிமிர்ந்தன, விரல்கள் விரிந்தன. ஆனால் கொஞ்ச நாளில் நோயாளிகள் சோர்ந்த முகத்தோடு திரும்பி வந்தார்கள். கை கொக்கியாக இருந்தபோது பிச்சையாவது விழுந்தது. கை நன்றாகிவிட்டதால் பிச்சை போடுவார் இல்லை. தொழுநோய்த் தழும்பு இருப்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை, வாடகைக்கு இடம் தருவாரும் இல்லை என்பது அவர்கள் சொன்ன குறை.

கையைச் சீராக்குவது மட்டும் போதாது, கைக்கு ஒரு தொழிலும் வேண்டும் என்று டாக்டர் பிராண்டு அப்போது உணர்ந்தார். கல்லூரி வளாகத்திலேயே மண் குடிசைகள் எழுப்பி ‘நவஜீவ நிலையம்’ என்ற சிறு குடியிருப்பு தொடங்கப்பட்டது. அறுவை செய்துகொண்டவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்றார்கள். மரப் பொம்மைகள் செய்தார்கள். புதிய கையைப் புழங்கப் பழகினார்கள்.

அந்தப் பட்டறையிலே இன்னொரு பெரிய உண்மையும் வெளிப்பட்டது. தொழுநோயாளியின் விரல் நோயினால் தானாக அழுகி உதிர்கிறது என்றே உலகம் நம்பியிருந்தது. பட்டறையில் ஒவ்வொருவரும் வேலை செய்வதைக் கூர்ந்து பார்த்தபோது வேறு காரணம் தெரிந்தது. உணர்ச்சி மரத்த கைக்கு வலி தெரிவதில்லை. சிலாம்பு நீட்டிய சுத்தியல் பிடி கிழித்தாலும் தெரியாது. சூடான பாத்திரம் சுட்டாலும் தெரியாது. வலி இல்லாததால் காயத்தைக் கவனிப்பதில்லை. கவனிக்காத காயம் புரையோடி விரலைத் தின்கிறது. பிடியை வழவழப்பாக்கித் தடிப்பாக்கினார்கள். மாலையில் ஒவ்வொருவரும் தம் கையைத் தாமே சோதித்துப் பார்க்கும் வழக்கத்தை உண்டாக்கினார்கள். கைகள் தப்பின. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இன்று டாக்டர்கள் சொல்வதும் இதே பாடந்தான். செருப்பில்லாமல் லயத்துக்கும் காட்டுக்கும் நடக்கும் பழக்கமுள்ள நமது தாய்மார்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த வேலூரிலேயே மேரி வர்கீஸ் என்ற பெண் டாக்டர் இருந்தார். 1954இல் கார் விபத்தொன்றில் முதுகெலும்பு நொறுங்கி இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனார். இனி என்ன இருக்கிறது என்று அவர் மூலையில் முடங்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்று திறக்கப்பட முன்னின்றார். 1972இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. கால் நடக்காவிட்டாலும் கைக்குத் தொழில் உண்டு என்பதைப் பிரசங்கமாகச் சொல்லாமல் வாழ்ந்தே காட்டியவர் அவர்.

இந்தத் தொழில் ஓர் ஊரில் மட்டும் வளர்ந்ததன்று. முதல் உலக யுத்தத்தில் கை கால் இழந்த சிப்பாய்களை மீண்டும் வாழ்க்கைக்குத் திருப்ப வேண்டிய அவசியம் நேர்ந்த காலத்தில், 1917இல் அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கம் அமைந்தது. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் அம்மையார் 1950இல் பம்பாயில் இந்தியாவின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் உலகச் சம்மேளனம் உருவானபோது அதை அமைத்த பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்க்குக் கிடைத்தது, தொழிலில் காயம்பட்ட தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நமது வாதம்.

சட்டத்தில் இருப்பது என்ன?

நமது நாட்டில் 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1971 முதல் சொக்சோ நடந்து வருகிறது. வேலையில் காயம்பட்டு எம்.சி.யில் இருக்கும் நாட்களுக்கு, அந்த எம்.சி. நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், கணக்கிட்ட நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கிறது. நிலையான ஊனம் என்று மருத்துவ வாரியம் முடிவு செய்தால் அதற்கும் விழுக்காட்டுக் கணக்கில் தொகை உண்டு. 2019 முதல் அந்நிய நாட்டுத் தொழிலாளரும் வேலை விபத்துக்கு இந்தப் பாதுகாப்பில் அடங்குகிறார்கள். ஆகையால் நம்மோடு ஒரே நிரையில் பால் வெட்டும் வங்காள தேசத்து, இந்தோனேசியத் தோழர்களுக்கும் இதை எடுத்துச் சொல்வது நமது கடமை.

இவை எல்லாம் பலருக்குத் தெரியும். தெரியாத மற்றொரு பகுதியும் உண்டு. நிலையான ஊனமுற்ற சந்தாதாரருக்கு உடல் மறுவாழ்வுச் சிகிச்சையும் தொழில் பயிற்சியும் இலவசமாக அளிக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. 2007இல் ‘மீண்டும் வேலைக்கு’ என்ற திட்டத்தை சொக்சோ தொடங்கியது. அதில் ஓர் அதிகாரி காயம்பட்டவரையும் டாக்டரையும் முதலாளியையும் ஒன்றுசேர்த்துப் பேசி, அவர் திரும்பிச் செய்யக்கூடிய வேலை எது என்று ஏற்பாடு செய்கிறார். 2014இல் மலாக்காவில் சொக்சோவின் பெரிய மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது. இவை யாருடைய பணம்? மாதா மாதம் நமது சம்பளத்தில் பிடிப்பதும் முதலாளி கட்டுவதும் சேர்ந்த பணம். ஆகவே இது தர்மம் அன்று, நமது பாத்தியதை.

இங்கே ஒரு சந்தேகத்தை மூடி மறைக்காமல் பேச வேண்டும். ‘சிகிச்சைக்குப் போய்க் கை நன்றாகிவிட்டால் விழுக்காடு குறைந்துவிடுமே, பணம் போய்விடுமே!’ என்று நமது தோழர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். அஞ்சுவதில் முற்றிலும் நியாயமில்லை என்று நாம் சொல்லவில்லை. வறியவனுக்குக் கையில் வரும் காசு பெரிதுதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கிட்ட நாள் சம்பளம் 60 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். நிலையான ஊனத்துக்கு அதில் 90 விழுக்காடு, அதாவது 54 ரிங்கிட், அடிப்படை ஆகும். ஊனம் 10 விழுக்காடு என்று முடிவானால் நாளொன்றுக்கு 5 ரிங்கிட் 40 காசு. மாதம் 30 நாளுக்கு 162 ரிங்கிட். ஊனம் 20 விழுக்காட்டுக்கு மேற்படாவிட்டால் மொத்தமாகவும் வாங்கிக்கொள்ளலாம். ஒரு விரல் மடங்காததற்காக இந்த 162 ரிங்கிட்டை வைத்துக்கொண்டு, மறுபுறம் பால் வெட்டும் வேலையை விட்டுவிட்டால் குடும்பம் எத்தனை நாள் ஓடும்? மொத்தமாக வாங்கிய பணமோ ஒரு கல்யாணத்திலோ ஒரு மோட்டார் சைக்கிளிலோ கரைந்துவிடும். கைதான் சாகும்வரை கூட வருவது. மேலும், முறையாகச் சிகிச்சை பெற்ற பிறகும் எஞ்சி நிற்கும் ஊனத்துக்கு உரிய தொகை எப்படியும் கிடைக்கவே செய்யும். கையைக் கெடுத்துக்கொண்டு காசு வாங்குவது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதற்கு ஒப்பாகும்.

தூரமும் பாஷையும்

செர்டாங் கெடாவின் தென்கோடியில், பினாங்கும் பேராக்கும் தொட்டுக்கொள்ளும் பண்டார் பாரு மாவட்டத்தில் இருக்கிறது. இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் கூலிமுக்கோ, பாரிட் புந்தாருக்கோ, சுங்கைப் பட்டாணிக்கோ போக வேண்டும். அறுவை ஒரு நாளில் முடிந்துவிடும். இந்தச் சிகிச்சையோ வாரம் ஒரு தடவை, இரண்டு தடவை என்று மாதக்கணக்கில் நடக்க வேண்டியது. தோட்டத்திலிருந்து சாலைக்கு வந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, போய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடுகிறது. இரண்டு தடவை போய்விட்டு மூன்றாம் தடவை நின்றுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி ஏட்டில் ‘வரவில்லை’ என்று எழுதப்படுகிறது. சோம்பேறி என்று பெயரும் வருகிறது. உண்மையில் அது சோம்பலா, பஸ் கட்டணமா?

இன்னொன்று பாஷை. இந்தச் சிகிச்சை மாத்திரை கொடுத்தனுப்புவது போன்றதன்று. ‘எங்கே வலிக்கிறது? எப்படிப் பிடிப்பீர்கள்? வாளியை எந்தத் தோளில் வைப்பீர்கள்? வீட்டில் அடுப்பு தரையிலா, மேடையிலா?’ என்று கேட்டுக் கேட்டுச் செய்ய வேண்டியது. வயதான நமது தாய்மார்கள் மலாய் பேசுவார்கள். ஆனால் உடம்பின் நோவைத் தாய்மொழியில் சொல்வது போலாகுமா? பால் வெட்டுவது எப்படி என்று அறியாத சிகிச்சையாளர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்தக் கையை எந்த வேலைக்குத் தயார் செய்வது என்று எப்படி அறிவார்? நிரையையும் மங்கையும் ஒட்டுப்பாலையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நிலைமை வேறாக இருக்கும்.

நமது பிள்ளைகளுக்கு ஒரு படிப்பு

தோட்டத்துப் பெற்றோர் பிள்ளை டாக்டராக வேண்டும், வக்கீலாக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படட்டும். அது கைகூடாவிட்டால், ஏதோ ஒரு வேலை என்று பிள்ளையைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே மரியாதையும் நிலையான சம்பளமும் உள்ள படிப்புகள் பல இருப்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தொழில்வழிச் சிகிச்சை அவற்றில் ஒன்று.

எஸ்.பி.எம். தேர்வில் மலாய், கணிதம், விஞ்ஞானப் பாடங்களில் நல்ல தேர்ச்சி உள்ளவர்கள் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரியில் மூன்றாண்டு டிப்ளோமாவுக்கு முயலலாம். சுங்கை பூலோவில் அத்தகைய கல்லூரி இருக்கிறது. மேற்கொண்டு பட்டம் பெற விரும்புவோருக்கு மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வழியுண்டு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் இதற்குப் பட்டப்படிப்பு நடக்கிறது.

என்ன படிக்க வேண்டும்? எலும்பு, தசை, நரம்பு ஆகியவற்றின் அமைப்பு, நோய்களின் தன்மை, மனத்தின் போக்கு, தாங்கி செய்யும் கைவேலை, ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆராயும் முறை. இவற்றோடு ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு நேராகப் பழகும் பயிற்சியும் உண்டு. அந்தப் பயிற்சி 1,000 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்பது உலகச் சம்மேளனத்தின் விதி. கணக்குப் புலிகளாக இருக்க வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், கைவேலையில் பிரியம் வேண்டும், பிறர் துன்பத்தைக் காது கொடுத்துக் கேட்கும் குணம் வேண்டும். ஆண் பெண் இருபாலரும் செய்யலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் இந்தத் தொழிலும் வருகிறது. அதற்குரிய மன்றத்தில் பதிவு வேண்டும். ஆகவே பளபளக்கும் விளம்பரத்தைப் பார்த்துத் தனியார் கல்லூரியில் பணத்தைக் கட்டிவிட வேண்டாம். வெளிநாட்டுப் பட்டமானாலும் உள்நாட்டுப் படிப்பானாலும், அதை அரசாங்கம் அங்கீகரித்திருக்கிறதா, அதைக் கொண்டு பதிவு செய்ய முடியுமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். வாங்கிய கடனை வருஷக்கணக்கில் கட்டப்போவது பெற்றோர்தாம்.

செய்ய வேண்டியது

நிர்வாகங்களுக்கு நமது கோரிக்கை இது: காயம்பட்ட தொழிலாளி சிகிச்சைக்குப் போகும் நாளை வேலைக்கு வராத நாளாக எண்ணக்கூடாது, போக வர வாகனமோ பஸ் கட்டணமோ கொடுக்க வேண்டும். ‘லேசான வேலை’ என்று சொல்லிப் புல் வெட்டப் போடாமல், டாக்டரும் சிகிச்சையாளரும் குறித்துக் கொடுத்த வேலையையே தர வேண்டும். தேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளியைக் காப்பாற்றிக்கொள்வது நிர்வாகத்துக்கும் லாபம்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி தரப்பிலிருந்து சொக்சோவுக்குத் தகவல் போக வேண்டும் என்பது விதி. அந்தத் தாளை எழுதுவது உங்கள் கை. எந்தக் கை, எந்த விரல், என்ன வேலை செய்யும்போது நேர்ந்தது என்று தெளிவாக எழுதுங்கள். அதோடு நின்றுவிடாமல், ‘மீண்டும் வேலைக்கு’ திட்டத்தைப் பற்றியும் அந்தத் தொழிலாளிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பேனா அசைந்தால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

சங்கத்துக் கிளைகள் காயம்பட்டவர்களின் பெயரைக் குறித்து வைத்து, பணம் வந்ததா என்று கேட்பதோடு, ‘விரல் மடங்குகிறதா? வேலைக்குத் திரும்பினாரா?’ என்றும் கேட்க வேண்டும். கல்விக்கு உதவி வழங்கும் இடங்களில் இந்தப் படிப்புக்கும் இடம் ஒதுக்க முயல வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒரு பிள்ளை வேண்டாம். செர்டாங், கூலிம் வட்டாரம் முழுவதிலிருந்தும் ஆண்டுக்கு ஓரிருவர் போனாலே போதும். பத்தாண்டில் நமது ஆஸ்பத்திரிகளில் நமது பாஷை கேட்கும்.

ரப்பர் போய்ச் செம்பனை வருகிறது. தோட்டம் போய் வீடமைப்பு வருகிறது. எது வந்தாலும் உழைப்பவனுக்குக் கை வேண்டும். இந்த மாதம் உங்கள் தோட்டத்தில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பாருங்கள். அவரை இந்த வாரத்திலேயே டாக்டரிடம் அனுப்பி, சீட்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எஸ்.பி.எம். எழுதிய பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தப் படிப்பைப் பற்றி இன்று இரவே பேசுங்கள். சங்கம் துணை நிற்கும்.